ஏழு சிறுமியர், ஏழு சுரங்கள்: நம் இசையில் சேர்ந்து பாடுதலின் வரலாறு



நவம்பர் 22 இசைக்குப் பாதுகாவலியாகிய புனித செசிலியாவின் திருநாள். அதையொட்டி நம் சிறுவர் பாடகர் குழாத்தைப் பற்றிச் சில வரிகள் எழுத எண்ணியிருந்தேன். அதற்குள் கடந்த அருட்பணிச் சபைக் கூட்டத்தில் ஒரு கேள்வி எழுந்தது. சில வரிகளில் விடை சொல்லக்கூடிய கேள்வி அன்று அது. ஆதலால் இப்பதிவு நீண்டுவிட்டது. ஞாயிறு பிற்பகலில் ஆறுதலாக அமர்ந்து வாசிக்கும்படி வேண்டுகிறேன்.

கேள்வி இதுதான். நம் பிள்ளைகளுக்குத் தமிழ் உச்சரிப்புச் சரியாக வருவதில்லை. சுருதி சேர்வதில்லை. பயிற்சிக்கு வருகிறவர்களும் குறைந்துவிட்டனர். எனவே நத்தார் நள்ளிரவுத் திருப்பலிக்குக் கரோக்கி இசையை ஒலிபெருக்கியில் போட்டு, நன்றாகப் பாடக்கூடிய ஒருவரையோ இருவரையோ பாட வைத்தால் என்ன? இதைக் கேட்டவர் நம் பங்கின்மீது உண்மையான அக்கறை கொண்டவர். அவர் இன்னொன்றும் சொன்னார்: "கொயர் என்பதே வெள்ளைக்காரருடைய வழக்கம். எங்கள் சங்கீதம் தனி ஆள் பாடுகிற சங்கீதம்." நான் அன்று பதில் சொல்லவில்லை. சிந்திக்க அவகாசம் கேட்டேன். இது அந்தப் பதில்.

அவர் சொன்னதில் பாதி உண்மை. அந்தப் பாதியை முதலில் ஒப்புக்கொள்வோம். கருநாடக இசைக் கச்சேரியின் நடுவில் அமர்ந்திருப்பவர் ஒருவரே. வயலினும் மிருதங்கமும் தம்புராவும் அவருக்குத் துணை. தம் குரலுக்கு ஏற்ற சுருதியை அவரே தேர்ந்துகொள்கிறார். இராக ஆலாபனை அந்த நேரத்தில் அவர் உள்ளத்தில் ஊறி வருவது. முன்கூட்டியே தாளில் எழுதிவைத்து முப்பது பேர் ஒன்றாகப் பாடக்கூடியது அன்று. ஒரே வேளையில் பல குரல்கள் வெவ்வேறு சுரங்களைப் பாடி இணையும் அமைப்பு நம் மரபில் வளரவில்லை. மேலைத் திருச்சபையில்தான் அது பல நூற்றாண்டுகளாக வளர்ந்தது.

ஆனால் மற்றப் பாதி? அதற்கு நாம் சிலப்பதிகாரத்திடம் போக வேண்டும்.

சிலம்பில் இளம் பெண்களுக்குக் கலை பயிற்றும் இருவேறு காட்சிகள் உண்டு. முதற்காட்சி அரங்கேற்று காதையில் வருகிறது. மாதவி ஐந்து வயதில் பயிற்சி தொடங்குகிறாள். ஆடல் ஆசான், இசை ஆசான், முழவு ஆசான், குழலோன், யாழோன் எனத் தேர்ந்த ஆசிரியர் பலர் அவளைச் சூழ்ந்து நிற்கின்றனர். ஏழாண்டுப் பயிற்சிக்குப் பின், பன்னிரண்டாம் வயதில், சோழ மன்னன் முன் அரங்கேறிப் பரிசு பெறுகிறாள். ஒரு திறமையைத் தேர்ந்தெடுத்து, அந்த ஒருத்தியை உச்சிக்குக் கொண்டுசெல்லும் வழி இது.

இரண்டாம் காட்சி ஆய்ச்சியர் குரவை. மதுரைப் புறஞ்சேரியில் இடையர் குலத்து மாதரி வாழ்கிறாள். பால் உறையவில்லை. ஏறுகள் கண்ணீர் வடிக்கின்றன. ஏதோ தீங்கு நெருங்குகிறது என்ற அச்சம் ஊரைப் பிடிக்கிறது. அப்பொழுது மாதரி தன் ஊர்ச் சிறுமியர் எழுவரை வட்டமாக நிறுத்தி, அவர்களுக்குக் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று பெயரிடுகிறாள். அவை தமிழிசையின் ஏழு சுரங்களின் பெயர்கள். எழுவரும் கைகோத்துப் பாடி ஆடுகின்றனர்.

இந்தக் காட்சியைச் சற்று நின்று பாருங்கள். அரசவை இல்லை, பரிசு இல்லை, ஏழாண்டுப் பயிற்சியும் இல்லை. அவர்கள் மாடு மேய்க்கும் வீட்டுப் பிள்ளைகள். ஒவ்வொரு சிறுமியும் ஒரு சுரம். ஒருத்தி விலகினால் பண் குறைபடும். அச்சத்திலிருந்த ஓர் ஊர், தன் பிள்ளைகளை வட்டமாக நிறுத்திப் பாட வைத்தே தன்னைத் தேற்றிக்கொண்டது. சேர்ந்து பாடுவது நமக்கு அந்நியம் என்று இதை வாசித்தபின் என்னால் சொல்ல இயலாது.

மாதவியின் வழி, மாதரியின் வழி என்று இவ்விரண்டையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இனி வரும் வரலாறு முழுவதும் இவ்விரு வழிகளையும் பற்றியதுதான்.

நம் திருச்சபை இம்மண்ணில் வேரூன்றியது எவ்வழியில்? 1542 மே மாதம் கோவாவில் வந்திறங்கிய புனித பிரான்சிஸ் சவேரியார், அவ்வாண்டின் பிற்பகுதியில் முத்துக்குளித்துறைக்கு வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. இருமொழியும் அறிந்த சிலரின் துணையுடன் விசுவாசப் பிரமாணத்தையும் கர்த்தர் கற்பித்த செபத்தையும் பிற மன்றாட்டுகளையும் தமிழாக்கி மனப்பாடம் செய்துகொண்டார். கையில் மணியோடு தெருத்தெருவாகச் சென்று சிறுவரைக் கூட்டினார். அவர் சொல்ல, அவர்கள் ஒருமித்துத் திருப்பிச் சொன்னார்கள். தாங்கள் கற்றதைப் பெற்றோருக்கும் வீட்டாருக்கும் கற்பிக்கும்படி அச்சிறுவரைக் கேட்டுக்கொண்டார். 1544 சனவரியில் கொச்சியிலிருந்து உரோமைக்கு அவர் எழுதிய கடிதம் இதை விவரிக்கிறது.

அந்தக் கடற்கரையில் பெரியோருக்கு விசுவாசத்தைக் கற்பித்தவர்கள் சிறுவர்கள். சவேரியாரின் தமிழ் உச்சரிப்பு எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன். நிச்சயமாக நம் பிள்ளைகளுடையதைவிட மோசமாகத்தான் இருந்திருக்கும்! உச்சரிப்புத் திருந்தும்வரை காத்திருப்போம் என்று அவர் நினைத்திருந்தால், மணப்பாட்டிலும் தூத்துக்குடியிலும் நமக்கு முன்னோர் இருந்திருப்பார்களோ?

மேலைக் கரையில் வேறொரு பாதை உருவாயிற்று. போர்த்துக்கேயர் ஆட்சியிலிருந்த கோவாவில் ஊர்தோறும் பங்குப் பள்ளிகள் எழுந்தன. அங்கே 'மெஸ்திரி' எனப்பட்ட இசை ஆசிரியர் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சுரம் வாசிக்கவும் வயலின் பிடிக்கவும் குழுவாகப் பாடவும் கற்பித்தார். எழுத்துப் படிக்கும் வயதிலேயே இசைக்குறிப்பையும் படித்தனர் அப்பிள்ளைகள். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் பாடுவதற்காகவே அவர்கள் பயிற்றப்பட்டனர். அதற்கு அப்பால் என்ன விளையும் என்று அந்த மெஸ்திரிகள் எண்ணியிருக்க வாய்ப்பில்லை.

விளைந்தது பம்பாய்த் திரையுலகின் இசை. இந்தித் திரைப்படங்களில் மெட்டமைத்தவர்களுக்கு அருகில், அந்த மெட்டை இசைக்குறிப்பாக எழுதி, முழு வாத்தியக் குழுவுக்கும் பிரித்துக் கொடுத்தவர்களில் மிகப் பலர் கோவாப் பங்குப் பள்ளிகளின் பிள்ளைகள். அவர்களுள் ஒருவர் மஜோர்டா என்ற ஊரில் 1927-இல் பிறந்த அந்தோனி கொன்சால்வெஸ். அவர் தந்தை ஊர் ஆலயத்தின் பாடகர் குழு ஆசிரியர். வயலின் கலைஞராகப் பம்பாய்க்குச் சென்ற அந்தோனி, கோவா ஆலயத்தில் கற்ற பல்குரல் இணைப்பையும் இந்துஸ்தானி இராகங்களையும் ஒன்றுசேர்க்க வேண்டும் என்ற கனவை வளர்த்தார். 1958-இல் தாமே ஓர் இசைக்குழுவை உருவாக்கி, இராகங்களில் அமைந்த தம் படைப்புகளை மும்பை புனித சவேரியார் கல்லூரி முற்றத்தில் அரங்கேற்றினார். லதா மங்கேஷ்கரும் மன்னா டேயும் அவற்றில் பாடினர். நீங்கள் அறிந்த 'அமர் அக்பர் அந்தோனி' திரைப்படத்துப் பாடலில் அவருடைய பெயர் ஒலிப்பது, இசையமைத்த இருவருள் ஒருவரான பியாரேலால் தம் வயலின் ஆசிரியருக்குச் செலுத்திய வணக்கம்.

அதே காலத்தில் இந்தியாவின் பிற நகரங்களிலும் சேர்ந்து பாடும் குழுக்கள் எழுந்தன. 1943-இல் தோன்றிய இந்திய மக்கள் நாடக மன்றம், பஞ்சத்தையும் போரையும் அடிமைத்தனத்தையும் எதிர்த்து மக்களோடு மக்களாகப் பாடியது. அதில் வளர்ந்த சலில் சௌத்ரி 1958-இல் பம்பாய் இளைஞர் சேர்ந்திசைக் குழுவைத் தொடங்கினார். அதே ஆண்டில் கல்கத்தாவில் ரூமா குஹ தாகுர்தா ஒரு குழுவைத் தொடங்கினார். இவற்றுக்குச் சற்று முன்னர், 1956-இல், விக்டர் பரஞ்சோதி பம்பாயில் ஒரு பாடகர் குழுவை நிறுவியிருந்தார். அவர் எழுதிய 'திராவிடியன் டிதிராம்ப்' என்ற பல்குரல் இசை, இன்றும் பல நாட்டுப் பாடகர் குழுக்கள் விரும்பிப் பாடும் இந்திய ஆக்கம். 1967-இல் அவர் மறைந்தபின் கூமி வாடியா அக்குழுவைப் பல்லாண்டு வழிநடத்தினார்.

இவர்கள் எல்லோரும் ஒரு சிக்கலை எதிர்கொண்டனர். நம் பயிற்சி அறையிலும் அது ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தலைகாட்டுவதால் அதைச் சற்று விளக்குகிறேன்.

நம் இசையில் சுரம் என்பது அசையாத புள்ளி அன்று; கமகத்தால் அசைந்து நிற்பது. தோடி இராகத்தின் காந்தாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த அசைவை நீக்கிவிட்டால் தோடியே இல்லை. ஒருவர் அசைத்தால் அது அழகு. முப்பது பேர் முப்பது விதமாக அசைத்தால் அது இரைச்சல். அடுத்து, குரலின் உயரம். ஆண்கள் பெரும்பாலும் ஒரு கட்டை அல்லது அதை ஒட்டிய சுருதியில் பாடுவர். பெண்களுக்கு ஐந்து கட்டை, ஐந்தரைக் கட்டை எனச் சுருதி உயரும். எல்லாரையும் ஒரே சுருதியில் பாடச் சொன்னால், ஆண்கள் கத்துவார்கள் அல்லது பெண்கள் முணுமுணுப்பார்கள். மூன்றாவது, இராகத்தின் இலக்கணம். மேலைநாட்டு வழக்கப்படி ஒரு சுரத்தின் கீழ் இன்னொரு சுரத்தை வைத்தால், அந்தச் சுரம் இராகத்துக்கு அந்நியமாக இருக்கக்கூடும்.

இவற்றுக்கு விடை கண்டவர்கள் மேலை இசையை அப்படியே நகல் எடுக்கவில்லை. சங்கராபரணம், மோகனம் போன்று சுரங்கள் நேராக நிற்க இடமளிக்கும் இராகங்களைத் தெரிந்துகொண்டனர். ஒரு பிரிவு தம்புராவைப் போல ஆதார சுருதியைப் பிடித்து நிற்க, மற்றொரு பிரிவு பாட்டை எடுக்கும். ஒரு பிரிவு பாடிய வரியை மற்றொரு பிரிவு சற்றுப் பிந்தித் தொடங்கிப் பின்தொடரும். ஒரு பிரிவு சொற்கட்டு சொல்லித் தாளத்தைத் தாங்கும். ஆணும் பெண்ணும் தத்தமக்கு இயல்பான உயரத்தில், அதே இராகத்தின் சுரங்களில், வேறு வேறு வரிகளைப் பாடுவர். குரல்களின் வேறுபாட்டைக் குறையாக எண்ணாமல், அதையே கட்டடத்தின் கல்லாக வைத்தனர்.

இந்த வழிக்குத் தமிழகத்தில் உயிர் கொடுத்தவர் எம்.பி. சீனிவாசன்.

1925-இல் சித்தூரில் பிறந்து சென்னையில் கற்றவர் அவர். இளமையிலேயே பொதுவுடைமை இயக்கத்தில் இணைந்தார். விடுதலைப் போராட்ட வீரர் சைபுதீன் கிச்சுலுவின் மகள் சாகிதாவை மணந்தார். நிமாய் கோஷ் இயக்கத்தில் 1960-இல் வெளிவந்த 'பாதை தெரியுது பார்' படத்துக்கு இசையமைத்தார். ஜெயகாந்தன் எழுதிய 'தென்னங்கீற்று ஊஞ்சலிலே' பாடலை உங்களில் மூத்தோர் இலங்கை வானொலியில் கேட்டு வளர்ந்திருப்பீர்கள். அந்த மெட்டு அவருடையது. பின்னர் மலையாளத் திரையுலகில் பெரும்புகழ் பெற்றார். ஆயினும் திரைப்பட வாத்தியக் கலைஞர்களுக்கு உரிய ஊதியம் கிடைக்கச் சங்கம் அமைத்துப் போராடியதில் அவர் செலவிட்ட காலம் கொஞ்சமன்று. பாட்டின் நடுவில் நிற்பவரை மட்டும் அன்றி, பின்வரிசையில் அமர்ந்திருப்பவரையும் கண்ட மனிதர் அவர்.

மாதவியின் வழி, மாதரியின் வழி என்று முன்னர் சொன்னேன். சீனிவாசனின் வாழ்வில் இரண்டும் உண்டு.

முதலாவது, 1961 நவம்பர் 14. கொச்சிக் கோட்டைப் பகுதியைச் சேர்ந்த 21 வயது இளைஞர் ஒருவர், சென்னையில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் முதன்முறையாக ஒலிவாங்கியின் முன் நின்றார். எளிய கத்தோலிக்கக் குடும்பம். தந்தை அகஸ்டின் ஜோசப் நாடக நடிகர், பாடகர், மகனுக்கு முதல் ஆசிரியர். அந்த இளைஞரின் பெயர் யேசுதாஸ். 'கால்பாடுகள்' என்ற மலையாளப் படத்துக்காக அவருக்கு அந்த முதல் வாய்ப்பை அளித்தவர் எம்.பி. சீனிவாசன். பாடியது சாதி வேற்றுமையும் மதப் பகையும் அற்ற உலகை நாடும் சிறீ நாராயண குருவின் செய்யுள். ஒரு கத்தோலிக்க இளைஞர், ஓர் இந்துத் துறவியின் சொல்லை, ஒரு பொதுவுடைமையாளரின் மெட்டில் பாடி இசை வாழ்வைத் தொடங்கினார். அதன்பின் நடந்ததை நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் வீடுகளில் அந்தக் குரல் ஒலிக்காத நாள் அரிது.

இத்துடன் நின்றிருந்தாலே சீனிவாசனின் பெயர் வரலாற்றில் நிலைத்திருக்கும். ஆனால் ஒரு யேசுதாஸைக் கண்டெடுத்தது அவருக்குப் போதவில்லை. 1970-களில் அவர் சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவை உருவாக்கினார். கச்சேரி மேடைக்குத் தேறிய வித்துவான்களை அவர் தேடவில்லை. கல்லூரி மாணவர்களும் வேலைக்குப் போகும் இளைஞர்களும் வந்தனர். பாரதியையும் பாரதிதாசனையும் பாடினர். தமிழோடு நிற்காமல் இந்தியாவின் பல மொழிப் பாடல்களையும் அந்தந்த மொழியிலேயே பாடினர்.

தேர்ந்த வித்துவான்களைக் கொண்டு சேர்ந்திசை அமைப்பதே கடினம் என்பது கவனிக்கத்தக்கது. ஒவ்வொருவருக்கும் தமக்கெனப் பதிந்த சுருதி, தமக்கெனப் பதிந்த கமகம். அவற்றை விட்டுக்கொடுக்க மனம் வராது. பயிற்சி பெறாத இளங்குரல் அருகில் நிற்பவரைக் கேட்டுக் கேட்டுத் தன்னைச் சரிசெய்துகொள்ளும். சேர்ந்திசைக்கு வேண்டிய முதல் உறுப்பு தொண்டை அன்று, காது. தம் குரலைவிட அயலாரின் குரலை உற்றுக் கேட்கத் தெரிந்த பிள்ளைதான் நல்ல குழுப் பாடகர். அந்தக் காது, குழுவுக்குள் நின்று பாடினால்தான் திறக்கிறது. வீட்டில் தனியே கரோக்கியோடு பாடும் பிள்ளைக்கு எதிரே இருப்பது இயந்திரம். பிள்ளை எவ்வளவு விலகிப் போனாலும் அது தன் போக்கில் போய்க்கொண்டிருக்கும்.

பின்னாளில் சீனிவாசன் பள்ளிகளை நோக்கித் திரும்பினார். நாடு முழுவதும் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சமூகப் பாடல் பயிற்றும் இயக்கத்தில் ஈடுபட்டு, ஆசிரியர்களைப் பயிற்றினார். பாடத் தெரிந்தவர், தெரியாதவர் என்று பிள்ளைகளைப் பிரிக்காமல், பெருந்திரளாக ஒரே பாட்டில் நிறுத்தினார். 1988 மார்ச் 9 அன்று அவர் மறைந்தது, அந்தப் பணிக்காகச் சென்றிருந்த இலட்சத்தீவில்.

இப்பொழுது நம் திருச்சபையின் பக்கம் திரும்புவோம். 1903-ஆம் ஆண்டு, புனித செசிலியாவின் திருநாளன்றே, திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் திருவழிபாட்டு இசை பற்றிய மடலை வெளியிட்டார். ஆலயங்களில் பாடகர் பள்ளிகளை மீட்டெடுக்க அவர் விரும்பினார். உண்மையை மறைக்காமல் சொன்னால், வழிபாட்டுப் பாடகர் குழுவில் பெண்களுக்கு இடமில்லை என்றும் அதே மடல் கூறியது. 1955-இல் பன்னிரண்டாம் பத்திநாதர், பீடப்பகுதிக்கு வெளியே நிற்பது போன்ற நிபந்தனைகளுடன் பெண்களும் பாட வழிவிட்டார். இன்று நம் குழாத்தில் பாதிக்கு மேல் பெண்பிள்ளைகள். கதவு மெல்லத்தான் திறந்தது; ஆனால் திறந்தது.

1963 டிசம்பர் 4 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டுச் சட்டம் இரண்டு செய்திகளைச் சேர்த்துச் சொன்னது. பாடகர் குழுக்களைக் கருத்தோடு வளர்க்க வேண்டும்; அதேவேளை மக்கள் அனைவரும் தமக்குரிய பங்கைப் பாடி நிறைவேற்ற வழிசெய்ய வேண்டும். தமக்கென இசை மரபு உடைய மக்களின் நாடுகளில் அந்த மரபுக்கு உரிய மதிப்பை அளிக்கவேண்டும் என்றும் கூறியது. நம்மைப் போன்றோரை எண்ணி எழுதப்பட்ட வரிகள் அவை. நான் அவற்றைப் படிக்கும்போதெல்லாம் சீனிவாசனை நினைக்கிறேன். நம் மரபில் ஊன்றிய இசையில் எல்லாரையும் பாட வைக்கும் அதே வேலையை, ஆலயத்துக்கு வெளியே நின்ற ஒரு பொதுவுடைமையாளர் சென்னையில் செய்துகொண்டிருந்தார். தூய ஆவியார் தாம் விரும்பிய இடத்தில் வீசுகிறார் என்று மறையுரையில் அடிக்கடி சொல்கிறோம். சொன்னால் போதாது, வீசும் இடத்தில் கற்றுக்கொள்ளவும் வேண்டும்.

கரோக்கி பற்றியும் திருச்சபைக்குக் கருத்து உண்டு. 1958-இல் உரோமை வெளியிட்ட அறிவுறுத்தல், வழிபாட்டில் ஒலிப்பதிவு இசையைப் பயன்படுத்துவதைத் தடுத்தது. 1973-இல் சிறுவர் திருப்பலிக்கென வந்த வழிகாட்டி, ஆயர் பேரவையின் ஒழுங்குகளுக்கு உட்பட்டு அதற்குச் சிறிது இடம் தந்தது. ஆனால் பிள்ளைகளுக்குத் துணையாகத்தான் அந்த இடம். பிள்ளைகளுக்குப் பதிலாக அன்று. அதே வழிகாட்டி, சிறுவர் தங்கள் வாயாலேயே பாடுவதை எல்லா வகையிலும் ஊக்குவிக்கச் சொல்கிறது.

இதுவரை வரலாறு. இனி நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கு உரியவரின் அனுமதியைப் பெற்றே எழுதுகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன், வேறொரு பங்கில், நத்தார் பயிற்சியின் கடைசி நாள். பதினொரு வயதுச் சிறுவன் ஒருவன் மிகுந்த உற்சாகத்தோடு, மிகுந்த சத்தத்தோடு, சுருதிக்கு வெளியே பாடிக்கொண்டிருந்தான். விருந்தினராக ஆயர் வரவிருந்தார். எனக்குப் பதற்றம். அவனை அருகில் அழைத்து, "தம்பி, நாளைக்கு நீர் வாயை மட்டும் அசையும், சத்தம் வேண்டாம்" என்றேன். அவன் தலையை ஆட்டினான். மறுநாள் சொன்னபடியே வாயை அசைத்தான். திருப்பலி அழகாக அமைந்தது. ஆயர் பாராட்டினார். அதன்பின் அவன் பாடகர் குழாத்துக்கு வரவில்லை. நான் அதைக் கவனிக்கவும் இல்லை.

சென்ற ஆண்டு அவர் தம் குழந்தையின் திருமுழுக்குக்காக என்னைத் தேடி வந்தார். சடங்கின்போது எல்லோரும் பாடினர். அவர் குழந்தையை ஏந்தியபடி வாய் மூடி நின்றார். பின்னர் தேநீர் அருந்தும்போது, ஏன் பாடவில்லை என்று விளையாட்டாகக் கேட்டேன். அவரும் சிரித்துக்கொண்டே சொன்னார்: "எனக்குப் பாட வராது சுவாமி. நீங்கள்தானே சொன்னனீங்கள்."

அவர் மனதில் கசப்பு இருக்கவில்லை. அதுவே என்னை மேலும் வருத்தியது. ஒரு குரு சொன்னதை உண்மை என்று நம்பி, இருபது ஆண்டுகளுக்கு மேலாக அவர் ஆலயத்தில் வாய் திறக்கவில்லை. தம் பிள்ளைக்குத் தாலாட்டும் பாடுவதில்லை என்று அவர் மனைவி சொன்னார். அன்று அந்த ஆயர் கேட்டது அழகிய பாடல். ஆனால் ஏழு சுரங்களில் ஒன்றை நான் வட்டத்திலிருந்து வெளியேற்றியிருந்தேன்.

ஆகவே, அருட்பணிச் சபையில் எழுந்த கேள்விக்கு என் பதில்: நம் சிறுவர் பாடகர் குழாம் தொடரும். நள்ளிரவுத் திருப்பலியில் அவர்களே பாடுவார்கள். சுருதி சற்று விலகினால் விலகட்டும். நல்ல குரல் உடையோரை நாம் ஒதுக்கப் போவதில்லை. அவர்கள் தனிப்பாடலைப் பாடட்டும். அதோடு குழுவின் நடுவில் நின்று அருகிலிருப்போருக்குச் சுருதி கொடுக்கட்டும். மாதவியும் மாதரியின் வட்டத்துக்குள் வந்து கைகோக்கட்டும்.

நடைமுறையில் சில மாற்றங்கள் செய்ய விரும்புகிறேன். ஏழு வயது முதல் எவரும் சேரலாம். குரல் தேர்வு இல்லை. பயிற்சியின் முதல் பத்து நிமிடம் பாட்டே இல்லை. தம்புரா ஒலியைக் கேட்டு, மெல்லிய குரலில் அகாரம் பிடிப்பதும், அருகிலிருப்பவரின் குரலைக் கேட்பதும் மட்டும். உரத்த குரலைக் கேட்டுப் பிள்ளைகளை வருத்தக் கூடாது. இளம் தொண்டை மென்மையானது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் குரல் உடையும் பையன்களை வீட்டுக்கு அனுப்ப வேண்டாம். அவர்களுக்கு ஆதார சுருதியைப் பிடிக்கும் வரியைக் கொடுப்போம். இரண்டு ஆண்டுகளில் அவர்கள் நமக்குத் தாழ்ந்த குரலாகத் திரும்பி வருவார்கள்.

தமிழ் பற்றி ஒரு சொல். நம் பிள்ளைகளில் பலர் பாடல் வரிகளை வேற்றெழுத்தில் எழுதிவைத்துப் படிக்கிறார்கள். அதற்காக அவர்களை ஏசாதீர்கள். ஆனால் பாடும் முன் ஒவ்வொரு வரியின் பொருளையும் அவர்களுக்குப் புரியும் மொழியில் சொல்லிக்கொடுங்கள். ழகரமும் ளகரமும் பேச்சில் வராத பிள்ளைக்குப் பாட்டில் வருவதை நான் கண்டிருக்கிறேன். நீட்டிப் பாடும்போது நாவுக்குத் தன் இடத்தைத் தேட நேரம் கிடைக்கிறது. வாரத்தில் ஒரு மணி நேரமாவது வாய்நிறையத் தமிழ் ஒலிக்கும் இடம் சில பிள்ளைகளுக்கு இது ஒன்றுதான். அதையும் ஓர் ஒலிநாடாவிடம் கொடுத்துவிட எனக்கு மனம் இல்லை.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்குப் பிள்ளையை ஆலய வாசலில் இறக்கிவிட்டுப் போய்விடாதீர்கள். குளிர்காலம்தான்; வேலைக் களைப்பும் உண்டு. ஆயினும் உள்ளே வந்து பின்வரிசையில் அமருங்கள். முடிந்தால் சேர்ந்து பாடுங்கள். முத்துக்குளித்துறையில் பிள்ளைகள் பெற்றோருக்குக் கற்றுக்கொடுத்தது போல, உங்கள் பிள்ளைகளும் உங்களுக்கு ஒரு வரியைக் கற்றுத்தரக்கூடும்.

என் பழைய மாணவர், அந்தத் தந்தை, வரும் வெள்ளிக்கிழமை தம் குழந்தையோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார். பாடுவதாக வாக்களிக்கவில்லை, கேட்டுக்கொண்டு இருக்கிறேன் என்றார். அதுவே எனக்குப் போதும். அவருக்கு அருகில் ஓர் இருக்கையை நான் பிடித்துவைத்திருக்கிறேன். என் குரல் எவ்வளவு மோசம் என்று உங்களுக்குத் தெரியும். அதைக் கேட்டால் அவருக்கும் துணிவு வரலாம்.

புனித செசிலியா நம் பிள்ளைகளுக்காகப் பரிந்து பேசுவாராக. இறை ஆசீர் உங்கள் குடும்பங்களில் நிறைந்திருப்பதாக.

கிறிஸ்துவின் அன்பில்,
உங்கள் பங்குத்தந்தை